குழாய்க்கு எதிர்ப்பக்கம்

இடுகாட்டின் இரும்புக் கதவில் நகராட்சி ஒட்டியிருந்த அறிவிப்பை எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் என் அத்தை. படித்துவிட்டு அவள் வீட்டுக்குப் போகவில்லை. இரண்டு பஸ் மாறி, நான் வேலை பார்க்கும் குடிநீர் வாரிய அலுவலகத்துக்கு வந்து, தபால் பிரிவின் வாசலில் தலையைக் குனிந்து உள்ளே நுழைந்தாள். எங்கள் வாசல் ஒன்றும் குட்டையான வாசல் இல்லை. எந்த வாசலைக் கண்டாலும் குனிவது அத்தையின் பழக்கம். எழுபத்தொரு வயதிலும் அவ்வளவு உயரம். சின்ன வயதில் தெருவில் அவளுக்குக் கொடிக்கம்பம் என்று பெயர். அவளுடைய அண்ணன், அதாவது என் அப்பா, அவள் தோளுக்குத்தான் வருவார். அவளைப் பெற்றவள் அவருக்கும் கீழே. தவிட்டுக்கு வாங்கின பிள்ளை என்று யாராவது சீண்டினால் முதலில் அழுவாளாம். பிறகு அவளே அதைச் சொல்லிச் சிரிக்கப் பழகிக்கொண்டாள்.

அன்று சிரிக்கவில்லை. புதுப் பாலத்துக்கு வரும் சாலை இடுகாட்டின் நடுவே போகப்போகிறது என்றாள். சொந்தக்காரர்கள் தொண்ணூறு நாளுக்குள் சான்று காட்டினால் எலும்புகளை எடுத்துப் பெட்டியில் வைத்து, ஊருக்கு வெளியே புது இடத்தில் தனியாக அடக்கம் செய்து கொடுப்பார்கள். சான்று காட்டாத கல்லறைகளில் இருப்பவர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரே குழிக்குள் போவார்கள்.

"ஒரே குழியில போட்டுட்டா, அப்புறம் நான் எந்த இடத்தைப் பார்த்துடா நிப்பேன்?" என்றாள்.

அத்தை அவளுடைய அப்பாவைப் பார்த்ததில்லை. அவள் வயிற்றில் ஆறு மாதமாக இருந்தபோது ஊரில் வந்த காய்ச்சலில் அவர் போய்விட்டார். துறைமுகத்தில் கயிறு முறுக்கும் வேலை. வயது முப்பத்து நான்கு. படம் ஒன்றும் கிடையாது. அடக்கம் நடந்த அன்று அவர் மனைவியும் அதே காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தாள். எட்டு வயது மகனை, அதாவது என் அப்பாவை, அக்கம்பக்கத்தார் வெளியே விடவில்லை. உடன் வேலை செய்த நாலு பேர் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்து அடையாளம் சொன்னார்கள்: குழாய் இருக்கிற பக்கம், பாதையிலிருந்து மூணாவது வரிசை, கேட்டிலிருந்து ஏழாவது கல்.

காய்ச்சல் விட்டதும் அவள் மகனோடும் வயிற்றுப் பிள்ளையோடும் தன் அண்ணன் ஊருக்குப் போனாள். ஐந்து வருடம் கழித்துத் திரும்பி வந்து, குழாயைப் பார்த்து, வரிசையை எண்ணி, கல்லை எண்ணி நின்றாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. பதின்மூன்று வயதுப் பையன் படித்துக் காட்டினான். முதலெழுத்து சரி, குடும்பப் பெயர் சரி, ஆண்டும் சரி. அன்றைக்கு அத்தைக்கு ஐந்து வயது. அன்று தொடங்கி அறுபத்தாறு வருடமாக, மாதத்தின் முதல் ஞாயிறு காலையில் அத்தை அங்கே இருப்பாள். கல்லைக் கழுவுவாள், புல்லைப் பிடுங்குவாள், வருடத்துக்கு ஒரு முறை வெள்ளையடிப்பாள், அந்த மாதத்தில் நடந்ததையெல்லாம் சொல்லிவிட்டு வருவாள்.

இது ஒரு விண்ணப்பம், ஒரு முத்திரை, அவ்வளவுதான் என்று நான் அவளுக்குத் தைரியம் சொல்லி அனுப்பினேன். கடிதம் எழுதுவது என் தொழில். பள்ளியில் தமிழாசிரியர் அனுப்புநர், பெறுநர், பொருள் என்று பிரம்பால் மேசையில் தட்டித் தட்டிச் சொல்லிக்கொடுத்தது இன்றைக்கும் கை தவறாமல் வரும். விண்ணப்பத்தை அன்றே எழுதி, நகல் எடுத்து, கோப்பில் வைத்தேன்.

நான் மறந்துபோனது எங்கள் குடும்பப் பெயரை.

எங்கள் பெயர்க்காரர்கள் இந்த ஊரில் எத்தனை பேர் என்றால், தெருவில் கண்ணை மூடிக்கொண்டு கல்லெறிந்தால் ஒருவர் மேல் படும், தடுக்க வருகிற இன்னொருவரும் அதே பெயராக இருப்பார். பள்ளியில் என் வகுப்பில் ஆறு பேர். ஆசிரியர் எங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை விட்டுவிட்டு நம்பர் போட்டுவிட்டார், நான் மூன்றாம் நம்பர். மருத்துவமனையில் நர்ஸ் எங்கள் பெயரைக் கூப்பிட்டால் பாதி பெஞ்சு எழுந்திருக்கும். இதெல்லாம் சிரிக்கிற விஷயமாகத்தான் அதுவரை இருந்தது.

மூன்றாம் நாள் இடுகாட்டுப் பதிவறைக்குப் போனேன். கேட்டை ஒட்டிய ஒற்றை அறை, வாசல் நிலை தாழ்வு, நானே குனிந்துதான் போகவேண்டியிருந்தது. பதிவேட்டுக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டியிருந்தார். தாள்கள் அப்பளம் மாதிரி நொறுங்கும் என்பதால் பக்கத்தைக் கையால் தொடமாட்டார். மர அடிக்கோலை அடியில் செருகி, மெதுவாகத் தூக்கிப் புரட்டுவார். பெயரைச் சொன்னேன். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இந்தப் பேருல மட்டும் இங்க எண்ணூத்திச் சொச்சம் பேர் படுத்திருக்காங்க. உங்களுக்கு எந்த ஆளு வேணும்?"

ஆண்டையும் முதலெழுத்தையும் சொன்னேன். அடிக்கோல் மூன்று பக்கம் புரட்டியது. அந்தக் காய்ச்சல் வருடத்தில், அதே முதலெழுத்தில், எங்கள் பெயரில், ஏழு பேர். கல் வெட்டுகிறவருக்கு அந்த வருடம் முழுப் பெயர் வெட்ட நேரம் இருக்கவில்லையாம். எல்லோருக்கும் ஒரே அளவுக் கல், ஒரே எழுத்து. கல்லின் முதுகில் வெட்டியிருக்கும் எண்தான் ஆளுக்கு ஆள் வித்தியாசம் என்றார்.

கல்லின் முதுகை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. முகத்துக்குத்தான் வெள்ளையடித்தோம். நான் போய் மண்டியிட்டுப் பாசியைச் சுரண்டினேன். நானூற்று முப்பத்தேழு. திரும்பி வந்து சொன்னேன். பதிவேட்டுக்காரர் விரலை வரியின் மேல் படாமல் காற்றில் நகர்த்திப் படித்தார். வயது பத்தொன்பது. கல் உடைக்கும் வேலை. திருமணமாகாதவர்.

இன்னொரு முறை படிக்கச் சொன்னேன். படித்தார். எழுத்து மாறவில்லை.

மீதி ஆறு பேரில் ஒரு குழந்தை, ஒரு கிழவி, ஐம்பது வயதுப் பெரியவர் ஒருவர், இவர்களைத் தள்ளிவிடலாம். மூன்று பேருக்கு எண்ணும் பெயரும் மட்டும்தான் இருந்தன. வயது, வேலை என்ற கட்டங்கள் வெறுமையாகக் கிடந்தன. அந்த வாரம் ஒரு நாளைக்கு முப்பது பேர் வந்தார்களாம், எழுதியவருக்கே கை ஓய்ந்திருக்கும். அந்த மூன்று வெற்றுக் கட்டங்களில் ஒன்று அத்தையின் அப்பா. எது என்று சொல்ல உலகத்தில் யாரும் இல்லை. யூகத்துக்கெல்லாம் முத்திரை போடமாட்டேன் என்று பதிவேட்டுக்காரர் முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

அன்று மாலை அத்தை போன் செய்தாள். "என்னடா, எங்கப்பா கிடைச்சாரா?" என்றாள், ஏதோ கடைக்குப் போனவரைக் கேட்கிற மாதிரி. வேலை நடந்துகொண்டிருக்கிறது என்றேன். பொய்யில்லை. ஆனால் வாய் கசந்தது. அறுபத்தாறு வருடம் ஒரு அந்நியனின் காலடியில் உட்கார்ந்திருந்தாய் என்று எந்த வாயால் சொல்வது? அவளுடைய அப்பா எங்கே என்று தெரிந்த பிறகு சொல்லலாம், அதுவரை நாக்கைக் கட்டுவது என்று முடிவு செய்தேன்.

எனக்குத் தெரிந்த ஒரே வழியில் இறங்கினேன். டெலிபோன் டைரக்டரியில் எங்கள் பெயரில் இருநூற்றுப் பதினான்கு விலாசங்கள். இருநூற்றுப் பதினான்கு கடிதங்கள். பொருள்: இன்ன ஆண்டுக் காய்ச்சலில் இறந்த உங்கள் முன்னோர் குறித்து. அந்த இடுகாட்டில் இந்த முதலெழுத்தில் உங்கள் குடும்பத்துக் கல்லறை இருக்கிறதா, இருந்தால் எந்த இடத்தில் என்று உங்களுக்குச் சொல்லப்பட்டது? மூன்று வெற்றுக் கட்டங்களில் இரண்டுக்கு உரிமையாளர்கள் கிடைத்துவிட்டால் மிஞ்சுவது எங்களுடையது என்பது என் கணக்கு. ஒரு நாளைக்கு இருபது என்று மதியச் சாப்பாட்டு வேளையில் எழுதினேன். அச்சடித்த தாளை அனுப்பினால் யாரும் மதிக்கமாட்டார்கள் என்பதால் எல்லாவற்றையும் கையால்தான் எழுதினேன்.

பதில்கள் வரத் தொடங்கின. ஒரு சலூன்காரர் எழுதியிருந்தார்: எங்கள் வீட்டில் யாரும் இன்னும் சாகவில்லை, விசாரித்ததற்கு நன்றி. ஒரு தலைமையாசிரியை என் கடிதத்தையே திருப்பி அனுப்பியிருந்தார், நான் விட்டிருந்த ஒரு கால்புள்ளியைச் சிவப்பு மையில் போட்டு, கீழே 'நன்று' என்று எழுதி. ஒருவர் ஒன்பது தலைமுறை வம்சத்தைப் பென்சிலால் மரமாக வரைந்து அனுப்பி, மரத்தின் அடியில் ஒரு கேள்விக்குறி போட்டு, இந்த இடத்துக்கு நீங்கள் பொருந்துவீர்களா என்று கேட்டிருந்தார். கப்பலில் போய்த் திரும்பாத தம்பியைப் பற்றிப் பதினோரு பக்கம் எழுதிய ஒரு முதியவர், கடைசி வரியில், நீ அவனுடைய மகனாக இருந்தால் தயங்காமல் வா, கதவு பூட்டுவதில்லை என்று முடித்திருந்தார். அந்தக் கடிதத்தை நான் உடனே கோப்பில் வைக்கவில்லை. ஒரு வாரம் சட்டைப்பையிலேயே கிடந்தது.

நூற்றுமுப்பது பதில்களுக்கு மேல் வந்தன. ஒரே பெயர், ஒரே சொல், அதற்குள் இத்தனை வீடுகள், இத்தனை பேர் யாரையாவது தேடிக்கொண்டு. எங்கள் பெயரை அதுவரை ஒரு இடைஞ்சலாகத்தான் நினைத்திருந்தேன். மேசையில் அந்தக் கடிதங்கள் அடுக்கடுக்காக ஏறியபோது, ஆற்றில் முகம் கழுவப் போனவன் அதன் அகலத்தை நிமிர்ந்து பார்த்த மாதிரி இருந்தது.

ஆனால் வெற்றுக் கட்டங்கள் வெறுமையாகவே இருந்தன. நாற்பத்தேழாம் நாள் ஒரு தையல்காரியின் கடிதம் வந்தது. எழுத்து அவருடைய தையல் போலவே நெருக்கமாக, நேராக இருந்தது. அவர் அம்மா பிறந்த வீட்டுக்கும் எங்கள் பெயர்தான். அவருடைய தாய்மாமா அந்தக் காய்ச்சலில் இறந்தவர், பத்தொன்பது வயது, கல் உடைக்கும் வேலைக்காகத் தனியாக இந்த ஊருக்கு வந்தவர். உடன் வேலை செய்தவர்கள் ஊருக்கு எழுதிப்போட்ட கடிதம் தையல்காரியின் அம்மாவிடம் இருந்து இப்போது தையல்காரியிடம் இருக்கிறது. அதில் இடமும் குறித்திருக்கிறது: குழாய்க்கு எதிர்ப்பக்கம், பாதையிலிருந்து மூணாவது வரிசை, கேட்டிலிருந்து ஏழாவது கல். ஐம்பது வருடத்துக்கு முன் அவர் அம்மா இந்த ஊருக்கு வாழ வந்ததும் அந்தக் கடிதத்தை வைத்துத் தேடி, கல்லில் பெயரைப் பார்த்துக் கண்டுபிடித்தார். அம்மாவுக்குப் பிறகு முப்பத்திரண்டு வருடமாகத் தான் பார்த்து வருவதாகவும், கல்லுக்கு ஊதா நிறச் சுண்ணாம்பு அடிப்பதாகவும் எழுதியிருந்தார். கீழே ஒரு பின்குறிப்பு: எதிர்வரிசைக் கல்லறைக்கு உயரமான அம்மா ஒருவர் மாதத்தின் முதல் ஞாயிறுதோறும் வருவார். அந்தக் கல்லிலும் உங்கள் பெயர்தான் இருக்கிறது. அவர்களை விசாரித்தால் உங்களுக்கு ஏதாவது உதவும்.

அத்தையை விசாரிக்கும்படி எனக்குச் சிபாரிசு.

அந்தத் தையல்காரியை எனக்கே தெரியும், பெயரில்லாமல். அத்தையின் பேச்சில் அடிக்கடி வரும் வாளிக்காரம்மா அவர்தான். குழாய் அத்தை பக்கம் இருக்கிறது, வாளி அந்தம்மா கொண்டுவருவார். அத்தை தண்ணீர் பிடித்துத் தன் கல்லைக் கழுவிவிட்டு, மீதி வாளியைப் பாதை தாண்டிக் கொண்டுபோய்க் கொடுப்பாள். ஒரே பெயர்க்காரர்கள் என்று இருவருக்கும் தெரியும். தெரிந்து என்ன? இந்த ஊரில் அது ஒரு சொந்தமா?

கடிதத்தை நாலு தடவை படித்தேன். ஒன்று உறுத்தியது. பதிவேடு சொல்கிறது, பத்தொன்பது வயதுப் பையன் குழாய்ப் பக்கம் இருக்கிறான். அவனைப் புதைத்தவர்களே எழுதிய கடிதம் சொல்கிறது, குழாய்க்கு எதிர்ப்பக்கம். புதைத்தவர்கள் பொய் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. கல்லும் நகராது. அப்படியானால் நகர்ந்தது எது?

இதை நான் நினைத்த இடம் குடிநீர் வாரிய அலுவலகத்தில் என் நாற்காலி. இருபத்தெட்டு வருடம் குழாய்களைப் பற்றியே கடிதம் எழுதியவன்.

மறுநாள் அடித்தளத்தில் இருக்கும் வரைபட அறைக்குப் போனேன். அங்கே இருந்தவர் எனக்கு ஒரு வருடம் சீனியர், எல்லோரையும் 'தலைவரே' என்பார். இடுகாட்டுக் குழாய் வேணும் என்றதும், "தலைவரே, அதுக்குள்ளயா? இன்னும் ரிட்டயரே ஆகலையே?" என்றார். காரணத்தைச் சொன்னேன். பேச்சை நிறுத்திவிட்டு ஏணியை எடுத்தார்.

துணியில் வரைந்த பழைய வரைபடம். மேசையில் விரித்து நாலு மூலையிலும் நாலு இரும்புத் துண்டு வைத்தோம். கேட், நடுவில் பாதை, இரண்டு பக்கமும் வரிசைகள், கண்ணாடியில் பார்த்த மாதிரி ஒன்றுக்கொன்று சரிசமம். பாதைக்குக் கிழக்கே ஒரு சின்ன நீல வட்டம்: பொதுக்குழாய். அதன் மேல் சிவப்பு மையில் ஒரு குறுக்குக்கோடு. பாதைக்கு மேற்கே சிவப்பில் புது வட்டம். ஓரத்தில் இரண்டு வரிக் குறிப்பு: மரவேர் புகுந்து குழாய் உடைந்ததால் மேற்குப் பக்கத்துக்கு மாற்றப்பட்டது. காய்ச்சல் வருடத்துக்கு இரண்டு வருடம் பிந்திய தேதி. கீழே கையெழுத்துப் போட்டிருந்த மேற்பார்வையாளரின் பெயரைப் பார்த்து வரைபட அறைக்காரர் என் முகத்தைப் பார்த்தார். எங்கள் குடும்பப் பெயரேதான். வேறு யாராக இருக்கப்போகிறது.

அத்தையின் அம்மாவிடம் 'குழாய்ப் பக்கம்' என்று சொன்னபோது குழாய் கிழக்கே இருந்தது. அவள் திரும்பி வந்தபோது மேற்கே இருந்தது. மேற்கே போய் எண்ணினாள். பையனின் ஊருக்கு 'எதிர்ப்பக்கம்' என்று எழுதியபோது எதிர்ப்பக்கம் மேற்கு. அவன் தங்கை வந்தபோது அது கிழக்கு. கிழக்கே போய் எண்ணினாள். வேறெந்தப் பெயராக இருந்திருந்தாலும் கல்லே சொல்லியிருக்கும், அம்மா, நான் உங்கள் ஆள் இல்லை என்று. எங்கள் பெயர் இரண்டு பக்கமும் வாயை மூடிக்கொண்டு தலையாட்டிவிட்டது.

நான் அலுவலகத்திலிருந்து நேராக இடுகாட்டுக்குப் போனேன். கிழக்கே மூன்றாவது வரிசை, ஏழாவது கல். ஊதா நிறம் புதிதாக மின்னியது. சுற்றிலும் ஒரு புல் இல்லை. கல்லின் மேல் ஒரு தகரக் குவளையில் செடி. முதுகைப் பார்த்தேன். நானூற்றுப் பன்னிரண்டு. மூன்று வெற்றுக் கட்டங்களில் ஒன்று. என் அப்பாவைப் பெற்றவர். பாதைக்கு அந்தப் பக்கம் அத்தை வெள்ளையடித்த கல் தெரிந்தது, முப்பது அடி கூட இருக்காது. கை கூப்புவதா, உட்காருவதா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றேன்.

அன்று சாயங்காலமே அத்தை வீட்டுக்குப் போய்விட்டேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். பதிவேட்டிலிருந்து தொடங்கி வரைபடம் வரை ஒன்று விடாமல் வரிசையாகச் சொன்னேன். அவள் ஒரே தலையணை உறையைத் திரும்பத் திரும்ப மடித்தாள்.

"அப்போ இத்தனை வருஷமா நான் யாருகிட்டடா பேசிட்டிருந்தேன்?"

"ஒரு பையன்கிட்ட, அத்தே. பத்தொன்பது வயசு."

தலையணை உறையை மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு, "கல்யாணத்துக்கு முன்னால போயி உத்தரவு கேட்டேன். மாமாவோட சண்டை போட்டுட்டு வந்து அத்தனையும் சொன்னேன். கர்ப்பப்பை ஆபரேஷன் வரைக்கும் சொல்லியிருக்கேன்டா. பாவம், சின்னப் பையன், ஒண்ணும் புரியாம திருதிருன்னு முழிச்சிருப்பான்" என்றாள். சிரிப்பாகத்தான் தொடங்கியது. நடுவில் உடைந்துவிட்டது.

முகத்தைத் தலையணை உறையால் துடைத்துக்கொண்டு அவள் கேட்ட அடுத்த கேள்விக்குத்தான் நான் பயந்திருந்தேன்.

"எங்கப்பாவை யாரு பார்த்துக்கிட்டா? யாருமே இல்லாம கிடந்தாரா?"

"இல்ல அத்தே. ஐம்பது வருஷமா ஒரு நாள் கூட இல்ல. வாளிக்காரம்மாதான் பார்த்துக்கிட்டாங்க. அவங்களுக்கு முன்னால அவங்க அம்மா."

அத்தை என்னையே பார்த்தாள். அவள் கை தானாக எழுந்து காற்றில் எதையோ தூக்குகிற மாதிரி பிடித்தது. வாளியின் பிடி என்று எனக்கு ஒரு நொடி கழித்துத்தான் புரிந்தது. முப்பத்திரண்டு வருடமாக மாதம் ஒரு வாளித் தண்ணீரைப் பாதை தாண்டித் தூக்கிக்கொண்டு போனவள் அவள்தான். அவள் கொண்டுபோன தண்ணீரில்தான் அவள் அப்பாவின் கல் கழுவப்பட்டிருக்கிறது.

அடுத்த முதல் ஞாயிறு, இரண்டு பெண்களும் பாதையின் நடுவில் சந்தித்தார்கள். நான் முன்பே தையல்காரிக்கு எல்லாவற்றையும் எழுதியிருந்தேன். அவர் அறுபது வயதுக்காரர், குள்ளம், ஊசி குத்தாமல் விரலில் மாட்டும் காப்பைக் கழற்றாமலே வந்திருந்தார். தையல்காரி முதலில், அக்கா, உங்கப்பாவுக்கு ஊதா பிடிக்குமா என்று கூடத் தெரியாமல் அடித்துவிட்டேன் என்று மன்னிப்புக் கேட்டார். உங்கள் மாமாவுக்கு என் வீட்டுச் சண்டையெல்லாம் தெரியும், நீங்கள்தான் மன்னிக்கவேண்டும் என்றாள் அத்தை. பிறகு இருவரும் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு பேசியதெல்லாம் எனக்குக் கேட்கவில்லை. நான் தள்ளிப் போய்விட்டேன்.

பதிவேட்டுக்காரர் வரைபடத்தின் நகலையும் பழைய கடிதத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். எழுந்து போய் ஜன்னல் வழியாகக் குழாயை ஒரு முறை பார்த்துவிட்டு வந்தார். நாற்பது வருடம் அந்தக் குழாயில்தான் கை கழுவினேன், அது வேறெங்கோ இருந்திருக்கும் என்று ஒரு நாளும் தோன்றவில்லையே என்றார். இரண்டு விண்ணப்பத்திலும் முத்திரை விழுந்தது. அத்தையின் உறவு என்ற கட்டத்தில் மகள் என்று எழுதினேன். தையல்காரி தன் விண்ணப்பத்தில் அத்தையும் கையெழுத்துப் போடவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். என்ன உறவென்று எழுதுவது என்று கேட்ட பதிவேட்டுக்காரரிடம், "கூட உக்காந்திருந்தவன்னு ஒரு கட்டம் இருக்கா?" என்றாள் அத்தை. இல்லை என்றார் அவர். ஆனால் ஓரத்தில் கையெழுத்துப் போட இடம் விட்டார்.

எழுபத்தொன்றாம் நாள் காலை ஏழு மணிக்குக் கல்லறைகளைத் திறந்தார்கள். முதலில் மேற்கே. பையனுக்கு எல்லாம் மெல்லிய எலும்புகள். நகராட்சி கொடுத்த பெட்டியில் எடுத்து வைத்ததும் தாராளமாக இடம் இருந்தது. அத்தை மூடியை மூடுவதற்கு முன் குனிந்து ஏதோ சொன்னாள். பழக்கம்.

பிறகு கிழக்கே. குழி வெட்டுகிறவர் மார்பளவு ஆழத்தில் நின்று, மண்வெட்டியை வைத்துவிட்டுக் கையால் அள்ளத் தொடங்கினார். முதலில் ஒரு சாண் நீளத்தில் துருவேறிய இரும்பு ஊசி வந்தது, கயிற்றுப் புரிகளை விலக்குகிற ஊசி. உடன் வேலை செய்த நாலு பேரில் யாரோ வைத்திருக்கவேண்டும். அதை வாங்கி அத்தை முந்தானையில் முடிந்துகொண்டாள். அப்போதும் அவள் முகம் அமைதியாகத்தான் இருந்தது.

அவர் தொடை எலும்பை எடுத்தார். எடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார். பிறகு அதைத் தன் காலோடு சேர்த்து வைத்துப் பார்த்தார். இடுப்பில் ஒரு முனையை வைத்தால் மறுமுனை அவர் முழங்காலைத் தாண்டி அரைச் சாண் கீழே நின்றது. அவரும் குள்ளமான ஆள் இல்லை.

"அம்மா, முப்பது வருஷமா குழி வெட்டுறேன்," என்றார் மேலே பார்த்து. "இவ்ளோ உசரமான ஆளை நான் எடுத்ததில்ல."

அவர் எலும்பைப் பெட்டியில் நீளவாக்கில் வைத்துப் பார்த்தார், அடங்கவில்லை. மூலையிலிருந்து மூலைக்குக் குறுக்காக வைத்தபோதுதான் அடங்கியது. அத்தை அதன் பக்கத்தில் மண்டியிட்டாள். அந்த எலும்பைத் தொடவில்லை. தன் தொடையின் மேல் கையை வைத்து, இடுப்பிலிருந்து முழங்கால் வரை மெதுவாக அளந்தாள். இன்னொரு முறை அளந்தாள்.

என் அப்பா இதை ஒரு நாளும் சொன்னதில்லை. எட்டு வயதுப் பையனுக்கு எந்த அப்பாதான் உயரமில்லை? அவருக்கு அது சொல்லவேண்டிய விஷயமாகவே தோன்றியிருக்காது. அவளைப் பெற்றவளும் கணவரைப் பற்றிப் பேச்செடுத்தால் அழுவாளே தவிர அளவு சொன்னதில்லை. எழுபத்தொரு வருடம் ஒருத்தி எல்லோரையும் விட உயரமாக, யார் மாதிரி என்று தெரியாமல் நடந்திருக்கிறாள். அதற்கான பதில் முப்பது அடி தூரத்தில், ஊதாக் கல்லுக்கு அடியில் கால் நீட்டிப் படுத்திருந்திருக்கிறது. என் கோப்பில் இருந்த இருநூற்றுப் பதினான்கு நகல்களில் எந்த வரியிலும் நான் இதைக் கேட்டிருக்கவில்லை.

"எங்கப்பா மாதிரிடா நான்," என்றாள் அத்தை. சத்தமே இல்லை. தையல்காரி அவள் தோளைத் தொடக் கை நீட்டினார். அத்தை மண்டியிட்டிருந்ததால் எட்டியது.

இரண்டு பெட்டிகளும் வண்டியில் பக்கத்தில் பக்கத்தில் ஏறின. புது இடத்திலும் அப்படியே பக்கத்தில் என்று இருவரும் முன்பே எழுதிக்கொடுத்திருந்தார்கள். கடைசிக் கையெழுத்துக்காகப் பதிவறைக்குப் போகவேண்டியிருந்தது. நானும் தையல்காரியும் முன்னால் போனோம். அத்தை பின்னால் வந்தாள், முதுகு நேராக, இரும்பு ஊசி முடிந்த முந்தானையை ஒரு கையால் பிடித்தபடி.

அன்று அவள் குனியவில்லை. நிலையில் நெற்றி பலமாக இடித்தது. பதிவேட்டுக்காரர் பதறி எழுந்தார். அத்தை நெற்றியைத் தேய்த்துக்கொண்டே அந்த மரச்சட்டத்தை அண்ணாந்து பார்த்தாள்.

"எங்கப்பாவுக்கும் ஊரெல்லாம் இடிச்சிருக்கும்," என்றாள்.